வயிறு நிறைய மேய்ந்தும் மாடு மெலிவது ஏன்?

காய்ந்த புல்வெளியில் மேயும் மாடு மெலிகிறது என்றால், நான் முதலில் பார்ப்பது சாணத்தைத்தான். ஒரு பிடி சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசுங்கள். விரல் நகத்தைவிட நீளமான புல் துணுக்குகள் நிறையத் தங்கினால், தின்ற புல் சரியாகச் செரிக்கவில்லை. இப்படிப்பட்ட சாணம் தட்டையாகப் பரவாது. அடுக்கடுக்காகக் கெட்டியாகக் குவிந்து நிற்கும்.

நார்ச்சத்தைச் செரிப்பது மாடு அல்ல, அதன் அசையூண் வயிற்றில் (தின்றது முதலில் போய்ச் சேரும் பெரிய வயிற்றறை) வாழும் நுண்ணுயிரிகள். தீவனத்தின் உலர்பொருளில் (ஈரம் போக மிஞ்சுவது) புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அவற்றுக்குப் புரதத்திலிருந்து கிடைக்கும் நைட்ரஜன் போதாது. முற்றிக் காய்ந்த புல்லிலோ பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். செரிக்காத புல் உள்ளேயே தேங்குகிறது. வயிறு காலியாகாத மாடு எப்படி மேயும்?

புதர்ச்செடிகள் கைகொடுப்பது இங்கேதான். வேர் ஆழமாக இறங்குவதால், புல் காய்ந்த பிறகும் பல செடிகளில் தழை பச்சையாக நிற்கும். 4 சதவீதப் புரதமுள்ள புல் 70 பங்கு, 18 சதவீதமுள்ள தழை 30 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கலவையில் 8.2 சதவீதம் வந்துவிடுகிறது. தழை தன் சத்தைத் தருவதோடு நிற்பதில்லை. நுண்ணுயிரிகளைப் பெருக்கி, கூடவே போன புல்லையும் செரிக்க வைக்கிறது. அதனால்தான் இரண்டும் எவ்வளவு செரிக்கும் என்று தனித்தனியே சோதித்துச் சராசரி போடுவதை நான் நம்புவதில்லை.

எல்லாத் தழையும் இப்படி உதவாது. துவர்ப்பைத் தரும் டேனின் உலர்பொருளில் 2 முதல் 4 சதவீதம் இருந்தால், சில செடிகளில் நன்மையே: புரதம் அசையூண் வயிற்றில் சிதையாமல் குடலுக்குப் போகும், வயிற்று உப்புசமும் குறையும். 5 சதவீதத்தைத் தாண்டினால் அதே டேனின் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே போட்ட கணக்கு காகிதத்தில்தான் நிற்கும். வெள்ளாடு இதை ஓரளவு தாங்கும். மாடும் செம்மறியும் அந்த அளவுக்குத் தாங்காது.

சூபாபுல் என்ற தீவன மரம் போன்றவற்றில் மைமோசின் என்ற நச்சும் உண்டு; அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள். எந்தத் தழையையும் இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகப் பழக்குங்கள். மந்தை இலையை முடித்துவிட்டுக் குச்சியைக் கடிக்கத் தொடங்கினால், அன்றே வேறு பக்கம் ஓட்டுங்கள். குச்சியில் லிக்னின் என்ற மரத்தன்மை தரும் பொருள் ஏறியிருக்கும், செரிக்காது. செடிக்கும் துளிர்க்க அவகாசம் வேண்டும்.