கரிசல் மண்ணில் வீடு வாங்குகிறீர்களா? கடைக்காலையும் பாருங்கள்

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி பக்கம் பழைய வீடு வாங்குபவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள். கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கிரயம் முடிந்து குடிபோன பிறகு, முதல் கோடையில் சுவர் வெடித்ததும்தான் என்னைப் போன்ற கட்டமைப்புப் பொறியாளரைத் தேடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. வெளிச்சுவருக்கு அடியிலோ ஒவ்வொரு பருவத்திலும் மாறும். ஓரம் ஏறி இறங்க, நடு அப்படியே நிற்க, சுவர்தான் கிழிகிறது. மூன்று நான்கு அடிக்கு வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்டிக் கல் கட்டிய பழைய கடைக்கால் இந்த அசையும் மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இதற்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் போல அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கியது. பொதுவாக 3.5 மீட்டர் ஆழம், அதாவது ஈரம் அதிகம் மாறாத மட்டம் வரை அது இறங்கும்.

வீட்டுக்குள் போனதும் நான் முதலில் கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பேன். நிலை கோணியிருந்தால் கதவு பிடிக்கும். அப்புறம் ஜன்னல் மூலைகள். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் கோடும் பெரும்பாலும் ஆபத்தில்லை. மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாக ஏறி, செங்கலையும் பிளந்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் அது வேறு சங்கதி. விற்பதற்காகப் புதிதாகப் பட்டி வைத்து பெயின்ட் அடித்திருந்தால் பரணுக்குள்ளும் அலமாரிக்குள்ளும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் யாரும் பட்டி வைப்பதில்லை.

அடுத்தது குழி. வெளிமூலை ஒன்றில் கடைக்காலின் அடி தெரியும் வரை தோண்ட வேண்டும். எவ்வளவு ஆழம், கல்லா கான்கிரீட்டா, அடியில் சரளை போட்டிருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். அதே குழியின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். காய்ந்த மண் 10 கிராமைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது. அதைவிடத் தண்ணீரில் 50 சதவீதத்துக்கு மேல் உப்பியிருந்தால் எச்சரிக்கை தேவை.

விரிசல் இருக்கிறது என்பதற்காகவே வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சமையலறை மூலை மட்டும் பிளந்திருந்தது. தோண்டினால், உடைந்த கழிவுநீர்க் குழாய் அந்த மூலையை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது. மற்ற மூலைகளில் குறையில்லை. குழாயை மாற்றி, சுவரைச் சுற்றித் தண்ணீர் வெளியே வழியும்படி சாய்தளம் போடச் சொன்னேன். விலையில் அதைக் கழித்துக்கொண்டு வாங்கினார்கள்.

முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு மண் உப்பி விரிசல் பாதி மூடியிருக்கும். மழைக்காலத்தில்தான் பார்க்க முடிகிறது என்றால் குழியை விட்டுவிடாதீர்கள். குழி தோண்ட விற்பவர் சம்மதிக்கவே இல்லையென்றால், அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.