முதல் மழைக்கு நண்டு ஏன் வெளியே வருகிறது?

மும்பையில் பருவமழை இறங்கும் நாள் என்று வானிலைத் துறை குறித்து வைத்திருப்பது ஜூன் 11. கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஆனால் நாலு நாள் விடாமல் ஊற்றிவிட்டால் தாராவியிலும் கல்யாணிலும் அம்பர்நாத்திலும் இருக்கிற நம்ம திருநெல்வேலிக்கார வீடுகளில் ஒரே பேச்சுதான், வாங்கணிப் பக்கம் நண்டு ஏறியிருக்குமா என்று. சனிக்கிழமை சாயங்காலம் டார்ச், வாளி, சாக்கு, கூடவே சின்னப் பிள்ளைகள் ரெண்டு பேர் சகிதம் கர்ஜத் லோக்கல் ரயிலில் ஏறிவிடுவார்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் சிம்போரி (மராத்தியில் நண்டு) பிடிக்க ஏற்கெனவே இறங்கியிருப்பார்கள். ஞாயிறு மத்தியானம் ரெண்டு மூணு குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே சட்டியில் குழம்பு.

அமெரிக்காவில் லூசியானாக்காரர்களும், ஆகஸ்ட் வந்தால் சுவீடன்காரர்களும் இதே மாதிரி கூடி உட்கார்ந்து கிரேஃபிஷ் தின்பார்கள். சிங்கி இறாலைக் குட்டியாக்கி ஆற்றில் விட்டது போல இருக்கும் அது. உலகத்தில் அறுநூறுக்கு மேல் இனம் இருந்தும் இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. ஓடையில் கல்லுக்கடியில் கிடந்து, இரவில் வெளியே வந்து, கிடைத்ததைத் தின்னும் அந்த வேலையை இங்கே வயல் நண்டும் ஓடை நண்டும் பார்க்கின்றன.

சரி, மழை பெய்தால் நண்டு ஏன் வெளியே வர வேண்டும்? வளைக்குள் தண்ணீர் புகுந்து விரட்டிவிடுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய காரணம் செவுள். நண்டின் முதுகு ஓட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு அறை இருக்கிறது, செவுள்கள் அதற்குள்தான். கால்கள் உடம்போடு சேரும் இடத்து இடுக்குகளில் தண்ணீர் உள்ளே போகும், வாய்க்கு இரண்டு பக்கமும் வெளியே வரும். வாயை ஒட்டி இருக்கிற ஒரு சின்னத் துடுப்பு போன்ற உறுப்பு ஓயாமல் அடித்து இந்த ஓட்டத்தை நடத்துகிறது. மீனை வெளியே எடுத்துப் போட்டால் அதன் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சு நின்றுவிடும். நண்டின் செவுள் கொஞ்சம் விறைப்பானது, அவ்வளவு சீக்கிரம் படிந்துவிடாது. அதோடு கரையேறிப் பழகிய நன்னீர் நண்டுகள் பலவற்றில் அந்த அறையின் உள்சுவரிலேயே ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன, அது பாதி நுரையீரல் வேலை பார்க்கிறது. அதாவது நண்டால் காற்றிலும் சுவாசிக்க முடியும், ஒரே ஒரு நிபந்தனை: அந்த அறை ஈரமாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைதான் அதன் வருஷத்தையே தீர்மானிக்கிறது. ஏப்ரல், மே வெயிலில் வரப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது நண்டு மண்ணுக்குள் ஈரம் எட்டுகிற ஆழத்துக்கு வளை தோண்டிக்கொண்டு, சில சமயம் வாசலையும் சேற்றால் அடைத்துவிட்டு, அசையாமல் கிடக்கிறது. மழை பெய்து வயலும் வரப்பும் காற்றும் ஈரமானதும், அதுவரை பூட்டிக் கிடந்த நிலம் முழுவதும் அதற்கு நடமாடும் இடமாகிவிடுகிறது. வெயில் இல்லாத இரவு, அதிலும் தூறல் விட்டு விட்டு விழுகிற இரவு என்றால் இன்னும் நல்லது. இரை தேடவும் இணை தேடவும் கிளம்பிவிடும்.

பிடித்த நண்டு வாளிக்குள் நுரை கக்குவதைப் பார்த்து, "மாமா, இதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கூட வந்த பிள்ளை கேட்கும். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. செவுள் அறையில் மிச்சமிருக்கும் தண்ணீரை வாய்ப் பக்கமாக வெளியே தள்ளி, காற்றில் கலக்கவிட்டு, மறுபடி உள்ளே இழுத்துப் பயன்படுத்தப் பார்க்கிறது, அதுதான் நுரை. இதைப் பார்த்துப் பாவம் என்று வாளி நிறையத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. வீடு வந்து சேர்வதற்குள் பாதி செத்துக் கிடக்கும்! காரணம் எளிய கணக்கு: ஒரு லிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 210 மில்லி இருக்கிறது, மழைக்காலச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 6 மில்லிதான். ஓடாத தண்ணீரில் இருபது நண்டு அடைந்து கிடந்தால் அந்த 6 மில்லி எவ்வளவு நேரம் வரும்? அதனால் தண்ணீரே வேண்டாம். நனைத்த சாக்கை அடியில் விரித்து, இன்னொன்றை மேலே போட்டு மூடினால் போதும். செவுள் ஈரமாக இருக்கும், மூச்சுக்குக் காற்று இருக்கும்.

பிடிக்கிற விதம் ரெண்டு. டார்ச் அடித்துக் கையால் எடுப்பது ஒன்று. இன்னொன்று ஓடைக்கரையில் உட்கார்ந்து, கோழிக்குடலையோ மீன் தலையையோ கயிற்றில் கட்டித் தண்ணீரில் விடுவது, கிரேஃபிஷ் பிடிக்கிறவர்களும் செய்வது இதையேதான். அழுகத் தொடங்கும் இறைச்சியிலிருந்து அமினோ அமிலங்கள் கரைந்து நீரோட்டத்தோடு போகும். நண்டின் கண்களுக்கு நடுவே இருக்கும் குட்டை உணர்கொம்புகள் படபடவென்று சொடுக்கிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருக்கலாம், ஒவ்வொரு சொடுக்கும் ஒரு முறை மோந்து பார்ப்பதற்குச் சமம். வாசனை வந்த திசையில் நீரை எதிர்த்து ஏறி வந்து இரையைக் கொடுக்கால் கவ்வும். கயிற்றை மெதுவாக இழுத்தால் கூடவே வரும். தண்ணீரை விட்டு மேலே வந்த உடனே விட்டுவிடும் என்பதால், கீழே வலையையோ முறத்தையோ நீட்டிக்கொண்டு ஒருத்தர் தயாராக இருக்க வேண்டும். வீட்டில் பொறுமைசாலி யாரென்று இங்கே தெரிந்துவிடும்.

கையால் எடுக்கிறவர்களுக்கு வீட்டுப் பெரியவர் போடும் சத்தம் எப்போதும் ஒன்றுதான்: "ஏல, காலப் பிடிக்காத, முதுகப் பிடி!" முதுகு ஓட்டின் பின்பக்கம், கடைசிக் கால் ஜோடிக்கு மேலே பிடித்தால் கொடுக்கு அங்கே வளையாது. காலைப் பிடித்தால் கால் மட்டும் கையில் மிஞ்சும். அது நாம் இழுத்ததால் பிய்ந்தது இல்லை, நண்டே கழற்றிவிட்டது. ஒவ்வொரு காலின் அடியிலும் முறிவதற்கென்றே ஒரு வரி இருக்கிறது, முறிந்ததும் உள்ளிருக்கும் சவ்வு மூடிக்கொண்டு ரத்தம் கசியாமல் நிறுத்திவிடும், அப்புறம் சட்டை உரிக்கிறபோது புதுக் கால் முளைக்கும். கொடுக்கும் அப்படியே கழன்றுவிடும், ஆனால் கழன்ற பிறகும் அது விரலைக் கவ்விக்கொண்டே இருக்கலாம். மூடுகிற தசை கொடுக்கை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருக்கிறது, திறக்கிற தசை மெல்லியது. அதனால்தான் கடைக்காரர் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அவ்வளவு பெரிய கொடுக்கை அடக்கிவிடுகிறார்.

எடுத்ததும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அடிவயிற்றில் மடங்கியிருக்கும் மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அகல மடலுக்குள் முட்டையோ பொடி நண்டுகளோ ஒட்டியிருந்தால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டை விடும். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கடலில் மிதந்து எங்கெங்கோ போய் வளரும். ஓடை நண்டுக்கு அந்த வழி இல்லை. அதன் முட்டை பெரிது, எண்ணிக்கை குறைவு, மிதக்கும் பருவமே இல்லாமல் முழு நண்டாகவே பொரிந்து தாயின் மடலுக்குள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அதே ஓடையில் இறங்குகிறது. கிரேஃபிஷும் இந்த விஷயத்தில் அப்படியே. ஒரு ஓடையில் தாய்களை வழித்து எடுத்துவிட்டால், கடலிலிருந்து யாரும் வந்து நிரப்பப் போவதில்லை. மகாராஷ்டிரத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் 2016-இல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் ஐந்து புது நன்னீர் நண்டு இனங்கள் விவரிக்கப்பட்டன. இப்படி ஓடைக்கு ஓடை ஒதுங்கி வாழ்வதால்தான் இத்தனை இனம் பிரிந்திருக்கிறது.

இடமும் பார்க்க வேண்டும். மித்தி, வால்துனி மாதிரி ஆலைக் கழிவு ஓடும் தண்ணீரில் நண்டு கிடைத்தாலும் தொடாதீர்கள். ஓட்டைத் திறந்தால் மஞ்சளாகக் குழைந்திருக்குமே, ருசி என்று அடித்துக்கொள்வோமே, அது கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. காட்மியம் போன்ற உலோகங்கள் போய்ச் சேருவதும் அங்கேதான்.

இனி அடுப்படி. நண்டு செத்ததும் அந்த மஞ்சள் உறுப்பிலிருந்து செரிமான நொதிகள் கசிந்து சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கும், அதனால்தான் செத்த நண்டு கொழகொழவென்று இருக்கிறது. உயிரோடு கொண்டுவந்து, ஐஸில் போட்டு மரத்துப்போக வைத்து, பிறகு சட்டென்று வெட்டுவது நல்லது. கொதிக்கிற நீரில் உயிரோடு போடுவதை சுவிட்சர்லாந்து 2018-இல் தடை செய்தது, நண்டுக்கும் வலி தெரியும் என்ற அடிப்படையில்.

சட்டியில் போட்டதும் பழுப்பு ஓடு சிவப்பாகிறது. அந்தச் சிவப்பு புதிதாக வந்ததில்லை. அஸ்டாசாந்தின் என்ற நிறமி ஓட்டில் முதலிலேயே இருக்கிறது, ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் நிறம் மாறித் தெரிகிறது. சிங்கி இறாலில் இந்தப் பிடி எப்படி அமைந்திருக்கிறது என்பது 2002-இல்தான் அணு அளவில் தெளிவானது. சூட்டில் புரதம் பிரிந்துபோகும், நிறமி தன் நிறத்தைக் காட்டும். ஆனால் ஓடுதான் முதலில் சூடாகிறது, உள்ளே சதை வேகாமலேயே வெளியே சிவந்துவிடும். சிவப்பைப் பார்த்து இறக்கக்கூடாது.

ஏனென்றால் நன்னீர் நண்டில் பாராகோனிமஸ் என்ற நுரையீரல் புழுவின் இளம் பருவம் இருக்கலாம். 1878-இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஒரு வங்கப் புலியின் உடலில் கிடைத்த புழுவை வைத்துத்தான் இதை முதலில் விவரித்தார்கள். நத்தையில் வளர்ந்து, நண்டுக்கோ கிரேஃபிஷுக்கோ மாறி, அதை வேகாமல் தின்கிற விலங்கின் நுரையீரலில் போய் உட்காரும். இருமல், சளியில் ரத்தம் என்று காசநோய் மாதிரியே காட்டும், மணிப்பூரில் அப்படிக் குழம்பியது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரியில் ஆற்றில் பிடித்த கிரேஃபிஷைப் பச்சையாகத் தின்று 2006-க்கும் 2010-க்கும் நடுவே ஒன்பது பேருக்கு வந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் நோய் என்னவென்று கண்டுபிடித்தால்தானே கொடுக்க முடியும்.

நன்றாகக் கொதித்த குழம்பில் இந்தப் புழு பிழைக்காது, பயப்பட வேண்டாம். நம் வீடுகளில் ஆபத்து இருப்பது அம்மியிலும் மிக்ஸியிலும்தான். ரசத்துக்கென்று நண்டுக் காலைப் பச்சையாக நசுக்குகிறோம். வடிகட்டிக் கொதிக்க வைக்கிறோம், அதுவரை சரி. ஆனால் அதே கல்லில், அதே ஜாரில், ஒரு அலசு அலசிவிட்டு தேங்காய்ச் சட்னியும் அரைத்தால், அந்தச் சட்னி அடுப்பைப் பார்ப்பதே இல்லை. சட்னியை முதலில் அரைத்து எடுத்து மூடி வைத்துவிட்டு, நண்டைக் கடைசியில் நசுக்குங்கள். வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் வெங்காயப் பச்சடிக்குத் தொட வேண்டும்.