பிடித்து விடுவதா, பிடித்துவிடுவதா? ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ படும் பாடு

தூண்டில் போடும் நண்பர் ஒருவர், தங்கள் குழுவின் விதிமுறைத் தாளைத் தமிழாக்கித் தரச் சொன்னார். ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்று வந்த இடத்தில் அதிகம் யோசிக்காமல் ‘மீன்களைப் பிடித்து விட வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். “ஒண்ணு விடாம எல்லாத்தையும் பிடிச்சிடணும்னு இருக்கே!”

குற்றம் ‘விடு’ மேல். தமிழில் அது தனி வினையாக நின்றால் போகவிடுவது. இன்னொரு வினையின் வாலாக ஒட்டினால், வேலை முடிந்தது என்று அடித்துச் சொல்வது. பேச்சில் ‘பிடிச்சிட்டான்’ வேறு, ‘பிடிச்சு விட்டான்’ வேறு. எழுத்தில்தான் இடைவெளி ஒன்றை நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறது. போதாததற்குக் கால் பிடித்துவிடுவது என்று மூன்றாவது பொருளும் உண்டு.

பொருள் என்னவோ எளியதுதான். தூண்டிலில் மாட்டிய மீனை உயிரோடு முள்ளைக் கழற்றி, அதே நீரில் திரும்ப விடுவது. சமைக்கப் பிடிப்பதல்ல, இழுத்துப் பார்க்கும் சுகத்துக்குப் பிடிப்பது.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் வேடிக்கை. ‘கேட்ச்’, துரத்துவதைக் குறிக்கும் ‘சேஸ்’ என்ற சொல்லோடு ஒரே லத்தீன் வேரில் பிறந்தது. ‘ரிலீஸ்’, தளர்த்துவதைக் குறிக்கும் ‘ரிலாக்ஸ்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. சென்னையில் முதலாவது கிரிக்கெட்டுக்கும் இரண்டாவது வெள்ளிக்கிழமைப் படத்துக்கும் போய்விட்டதால், மீன் என்று சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் புரியாது.

இந்த வழக்கம் கொள்கையாக வளர்ந்தது அமெரிக்காவில். ஒரே ஒரு முறை பிடிபட்டு முடிந்துபோகும் அளவுக்கு ஆற்றுமீன் மலிவில்லை என்று 1930-களில் லீ வுல்ஃப் என்ற தூண்டில்காரர் வாதாடினார். 1952-இல் மிச்சிகன் மாநிலம் இதை ஒரு நிர்வாக முறையாகவே கொண்டுவந்தது. காரணம் கருணையல்ல, காசு. பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களை ஆறுகளில் கொண்டுவந்து விடும் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது.

நம் பக்கம் ‘தூண்டில்’ என்ற சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்தில் தூண்டில் போடுவதற்கான ‘ஆங்லிங்’ முள்ளின் பழைய பெயரிலிருந்து வந்தது. தமிழில் ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆசை காட்டி இழுப்பது என்ற உள்நோக்கம் பெயரிலேயே தெரிகிறது. வள்ளுவர் முள்ளைத் ‘தூண்டிற்பொன்’ என்கிறார் (குறள் 931). சூதில் கிடைக்கும் வெற்றி, அதை மீன் விழுங்கியது போல. குறுந்தொகை 54-இல் கவண் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலைக் கைவிடுகிறது. மீனைக் கவ்விய தூண்டில் போல மூங்கில் விருட்டென்று மேலே எழுகிறது. இந்த உவமையாலேயே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர். அங்கே ‘கைவிடு’ என்பது துதிக்கையிலிருந்து விடுவதுதான். இன்று கைவிடுதல் என்றால் அனாதையாக்குவது, ஆகவே நமக்கு உதவாது.

‘விடுவித்தல்’, ‘விடுதலை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. சிறை வைத்தவரே திறந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வது போல இருக்கிறது.

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் ஒரு விடிகாலை. ஈயக்குண்டு கட்டிய நரம்பைக் கையாலேயே வீசிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பத்தடி தள்ளி, ரீல் வைத்த கம்போடு ஓர் இளைஞர். அவருக்கு இரண்டு கிலோ தேறும் கொடுவா மாட்டியது. பத்து நிமிடம் இழுபறி. அப்புறம் உலர்ந்த கையால் தூக்கி நாலு படம், பிறகு தண்ணீரில். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு அமிழ்ந்தது. பெரியவர் கேட்டார்: “இன்னா தம்பி, துன்றதுக்கு இல்லன்னா அத்த ஏன் இஸ்த?”

கேள்வி சுவிட்சர்லாந்துக்கும் தோன்றியிருக்கிறது. விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பது அங்கே விலங்குநலச் சட்டப்படி குற்றம். மீனுக்கு வலிக்குமா என்பதை 2003-இல் உயிரியலாளர் லின் ஸ்னெடன் குழுவினர் சோதித்தார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட டிரவுட் மீன்கள், தொட்டியின் கூழாங்கற்களில் உதட்டைத் தேய்த்தன. விட்ட மீன் எல்லாம் பிழைப்பதுமில்லை. 2005-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 274 மதிப்பீடுகளைத் திரட்டியதில், சாவு விகிதம் சராசரியாக 18 விழுக்காடு. தொண்டைக்குள் இறங்கிய முள், நீண்ட இழுபறி, வெளிக்காற்றில் வைத்திருக்கும் நேரம், உலர்ந்த கை துடைத்தெடுக்கும் உடல் வழவழப்பு எல்லாம் சேர்ந்து கொல்கின்றன. சூடான நீரில் உயிர்வளியும் குறைவு. சென்னையின் மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம்.

அதற்காகச் சாப்பிடப் பிடிப்பது முழுக்கச் சுத்தம் என்றும் ஆகிவிடாது. நம் தட்டுக்காக அளவில்லாமல் அள்ளியதால்தானே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை போட்டு, காசிமேட்டு விசைப்படகுகளைக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது! காவிரியின் திமில் மஹ்சீர் என்ற பெரிய மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. அது குறைந்துவருவதைக் காட்டியதில் 1998 முதல் 2012 வரை கர்நாடகத்தின் காவிரிக்கரையில் உள்ள கலிபோர் தூண்டில் முகாமில் பிடித்து, எடை குறித்து, விட்ட தூண்டில்காரர்களின் பதிவேடுகளுக்குப் பெரும் பங்குண்டு. அந்த மீனைக் குழம்பு வைத்திருந்தால் நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. கொடுவா விஷயத்தில் என் ஓட்டு பெரியவருக்கே.

அவரும் விடுகிறவர்தான். அன்று விரல் நீளக் குஞ்சு ஒன்று மாட்டியபோது, தண்ணீரை விட்டு முழுசாகத் தூக்காமலே முள்ளை உருவிவிட்டார். அதற்கு அவரிடம் தனிப்பெயர் எதுவும் இல்லை.

சரி, சொல். ‘நீர்விடல்’ என்று ஒரு யோசனை வந்தது. அடுப்படிக்கும் வேறோர் இடத்துக்கும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். ‘பிடித்து மீளவிடல்’ என்பதே என் பரிந்துரை. நடுவில் ‘மீள’ வந்ததும் ‘விடு’ துணைவினையாக ஒட்ட வழியில்லை. திரும்ப என்ற பொருளும் கிடைக்கிறது. புண்ணிய வாசனையும் இல்லை. வினையாக்கினாலும் ‘பிடித்து மீளவிட்டார்’ என்று இடறாமல் போகிறது.

நண்பரின் தாளில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பேச்சில் அவர்கள் இன்னமும் ‘சி அண்ட் ஆர்’தான்.