ஓ.டி. நின்ற மாதத்தில் மூளைக்குள் நடந்தது

2009 பிப்ரவரியில் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் நான் லைன் லீடராக இருந்தேன். என் லைனில் இருபத்திரண்டு பேர். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த அடி எங்களிடம் வந்துசேர நாலைந்து மாதம் ஆனது. முதலில் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை நின்றது. அப்புறம் நைட் ஷிப்ட் நின்றது. அடுத்து என்ன என்று யாரும் வாய் திறக்கவில்லை. மேலே போய்க் கேட்டால், "முடிவானதும் சொல்றோம்" என்பதோடு சரி.

அந்த நாள்களில் எங்கள் லைனில் ரிஜெக்ட் ஏறியது. மைக்ரோஸ்கோப்பில் தங்கக் கம்பி பார்க்கிற வேலை எங்களுடையது. சிப்பிலிருந்து வெளியே மின்சாரம் கொண்டுபோகும் அந்தக் கம்பியின் தடிமன் 25 மைக்ரோன். ஒரு தலைமுடியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் ஒரு பங்கு ஏறக்குறைய அவ்வளவு வரும். பட்டர்வொர்த்திலிருந்து பேக்டரி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா பதினாறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரே ஒரு நாள் கம்பி அறுந்த பீஸை நல்ல பீஸ் வைக்கும் தட்டில் வைத்துவிட்டார். கேட்டேன். "பார்த்துக்கிட்டுதான் தம்பி இருந்தேன். கண்ணுல பட்டுச்சு, மனசுல பதியல" என்றார். நான் ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. அவர் சொன்னதுதான் சரியான விளக்கம் என்பது பின்னால் மூளையைப் பற்றிய சில ஆய்வுகளைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

2016-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். திரையில் ஒரு பாறை தெரியும். அதற்கடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின்னதிர்ச்சி. எந்தப் பாறைக்கடியில் பாம்பு இருக்கும் என்கிற கணக்கு ஆட்டத்தின் நடுவே மாறிக்கொண்டே போகும். ஆடுகிறவர்களின் வியர்வையையும் கண்பாவை விரிவதையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். அதிர்ச்சி நூறு சதவிகிதம் உறுதி என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்துக்குப் போகவில்லை. பாதிக்குப் பாதி என்றபோதுதான் போனது. வலி வரப்போகிறது என்று தெரிந்தால் உடம்பு அதற்குத் தயாராகிக்கொள்கிறது. வருமோ வராதோ என்ற நிலையில் அது இரண்டு பக்கமும் காவல் நின்று களைத்துப்போகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. நிச்சயமின்மை கூடும்போது யாருடைய பதற்றம் அதற்கேற்பக் கூடி, குறையும்போது குறைந்ததோ, அவர்கள் பாம்பை மற்றவர்களைவிடச் சரியாக ஊகித்தார்கள். அப்படியானால் பதற்றம் வீண் இல்லை. ‘எனக்கு இன்னும் தகவல் வேண்டும், தேடு’ என்று மூளை போடும் உத்தரவு அது. ஆட்டத்தில் அடுத்த பாறையைப் பார்த்துத் தகவல் தேடலாம். தொழிற்சாலையில் எங்கே தேடுவது? கேண்டீனில்தான். "மெஷின வேற ஊருக்கு ஏத்துறாங்களாம்." "வி.எஸ்.எஸ். பேப்பர் பிரிண்ட் ஆயிடுச்சாம்." (வி.எஸ்.எஸ். என்பது இழப்பீடு வாங்கிக்கொண்டு தானாக வேலையை விடும் திட்டம்.) எந்த மேனேஜரின் கார் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதிலிருந்துகூட எங்கள் ஆள்கள் அர்த்தம் எடுத்தார்கள்.

வதந்தியை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். 1947-இல் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதற்கு ஒரு சூத்திரமே சொன்னார்கள்: விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதையும் அது எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பதையும் பெருக்கினால் வருவதே வதந்தியின் அளவு. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் பூஜ்யம். ஒருவருக்குத் தன் வேலை முக்கியமில்லாமல் போகச் செய்ய எந்த மேலாளராலும் முடியாது. மங்கலைக் குறைக்கிறது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது.

அக்காவின் கண்ணுக்கு வருகிறேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதிதான் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, பார்த்ததை அந்தக் கணம் மனதில் பிடித்து ஒப்பிடுவது ஆகிய வேலைகளைச் செய்கிறது. கட்டுக்கடங்காத மன அழுத்தத்தில், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களான டோபமைனும் நார்அட்ரினலினும் அங்கே அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. சுரந்தால் அந்தப் பகுதியின் இணைப்புகள் தளர்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது. கண் பார்க்கும், மனம் பிடிக்காது. மெமோ அடித்து, எச்சரித்து இதைச் சரிசெய்ய முடியாது. எச்சரிக்கை அழுத்தத்தைத்தான் கூட்டும்.

சரி, உண்மையைச் சொன்னால் ஆள்கள் கொதித்துப்போக மாட்டார்களா? இந்தப் பயத்துக்கு 1990-இல் வந்த ஜெரால்ட் கிரீன்பெர்க்கின் ஆய்வு நல்ல பதில். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஆர்டர் இழந்து, இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவிகிதம் குறைத்தது. ஒன்றில் தலைவரே வந்தார். கணக்கைக் காட்டினார், வருத்தம் தெரிவித்தார், கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். மற்றதில் சம்பளம் குறைகிறது என்ற செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சம்பளம் குறையாத மூன்றாவது தொழிற்சாலை ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார் கிரீன்பெர்க். சம்பளம் குறைந்த இரண்டு இடத்திலும் பொருள்கள் திருட்டுப் போவது கூடியது. ஆனால், விளக்கம் கிடைக்காத இடத்தில் அது மிக அதிகம். வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். பழைய சம்பளம் திரும்பியதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது. குறைந்த பணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓர் இடத்தில் அது எல்லோரும் சேர்ந்து தாங்குகிற கஷ்டமாகத் தெரிந்தது, இன்னோர் இடத்தில் தன்னிடம் பிடுங்கியதாகத் தெரிந்தது.

பொய்யான தைரியம் கொடுப்பது மௌனத்தைவிட மோசம் என்பது என் எண்ணம். வெளிச்சம் எரிந்தால் ஜூஸ் வரும் என்று பழகிய குரங்குக்கு ஜூஸ் வராமல் போனால், அது வரவேண்டிய அதே நொடியில் டோபமைன் நரம்பணுக்கள் வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கிவிடுகின்றன. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் கண்டது இது. குரங்குக்கும் மனிதருக்கும் எவ்வளவோ தூரம் என்றாலும், "ஒருத்தரையும் அனுப்ப மாட்டோம்" என்று கேட்டுவிட்டுக் கடிதம் வாங்குகிறவரின் நிலையை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சங்கதி, கட்டுப்பாடு. தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி பட்ட நாய்கள் பிறகு வழி திறந்திருந்தும் தப்பிக்க முயலவில்லை என்று 1967-இல் செலிக்மன், மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். நாய்கள் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்றார்கள். 2016-இல் அவர்களே அதைத் திருத்தினார்கள். துன்பம் நீண்டால் சோர்ந்து கிடப்பதுதான் மூளையின் இயல்பான நிலை. ‘என் செயலுக்குப் பலன் உண்டு’ என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது என்றார்கள். அப்படிக் கற்றதும் நெற்றிப்பகுதி, மூளைத்தண்டிலிருந்து வரும் சோர்வின் சமிக்ஞையை அடக்கிவிடுகிறதாம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோர்ந்து உட்கார்ந்திருந்தவர்களைச் சோம்பேறி என்று எத்தனை முறை நினைத்திருப்பேன்!

மார்ச்சில் எங்களுக்குப் புதுப் பிளான்ட் மேனேஜர் வந்தார். முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லைனை நிறுத்தச் சொல்லி, எங்கள் நடுவே வந்து நின்றார். ஜூன் முடியும் வரை வாரத்துக்கு நாலு நாள் வேலை, அதுவரைக்கும் ஆட்குறைப்பு கிடையாது, அதற்குப் பிறகு தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். ஆட்குறைப்பு வந்தால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். இன்றைக்கு இருக்கிற, சொக்சோ என்கிற மலேசியச் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக் காப்புறுதி அப்போது இல்லை. அது 2018-இல்தான் வந்தது. அதனால் அந்த ஒரு வரியைப் பலர் கையில் எழுதிக்கொண்டார்கள். எந்த நாலு நாள், யார் யார் என்பதை நீங்களே பேசி எழுதிக் கொடுங்கள் என்று அட்டவணையை எங்களிடம் விட்டார். பிள்ளைக்குத் திங்கள்தோறும் ஆஸ்பத்திரி போகிற ஒருவருக்காக, அக்கா தன் லீவ் நாளை மாற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அவர் வந்தார். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "இன்னைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, ஆர்டர் நிலவரம் போன வாரம் மாதிரியேதான்" என்றார். பத்து நிமிடம் நின்று கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். அவர் போனதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.