மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்காதீர்கள்

சென்ற வாரம் ஓ.பி.க்கு ஒரு அப்பா தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயது மூன்றேகால். "எழுத மாட்டேங்கிறான் டாக்டர், நரம்புல ஏதாச்சும் கோளாறா? ஸ்கேன் எடுத்துடலாமா?" என்றார். பையன் ஓடுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான், வட்டம் போட்டுக் காட்டினால் பார்த்துப் போடுகிறான். அவனுக்கு ஒரு கோளாறும் இல்லை. நர்சரியில் தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். அதற்கான கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். தெருமுனையிலேயே அங்கன்வாடி இருக்கிறதே என்றேன். "அது பால்வாடி சார். சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, எழுதச் சொல்லித்தர மாட்டாங்க" என்றார். இந்த மாதத்தில் இதே பதிலைச் சொன்ன நான்காவது பெற்றோர் இவர்.

ஆமாம், எழுதச் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித்தரவும் கூடாது. பொதுவாக மூன்று வயதில் வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், ஐந்தில்தான் முக்கோணம். இப்போது 'அ' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை வளைவு! முக்கோணமே வராத கை அதை எப்படி எழுதும்? களிமண் உருட்டுவது, மணி கோப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது எல்லாம்தான் விரலை எழுத்துக்குத் தயார் செய்கின்றன. கதை கேட்பதும் பாடுவதும் அவனுக்குச் சொற்களைச் சேர்த்துத் தருகின்றன. சொல் சேராத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடுதான். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. விளையாட வைப்பது அந்த டீச்சரின் சோம்பேறித்தனம் இல்லை. அதுதான் பாடம்.

1975 அக்டோபர் 2-ல், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே, அதன் ஆறு சேவைகளில் ஒன்றாக முன்பருவக் கல்வியும் இருந்தது. இன்று நம் மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டுவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று ஒதுங்கி நிற்காதீர்கள்.

ஒரு மருத்துவனாக எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறைதான் பரிசோதிக்கும். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை. காது கேளாமை, பேச்சுத் தாமதம், இதயக் கோளாறு எல்லாம் அங்கே கண்டுபிடித்து எங்களிடம் அனுப்பப்படுகின்றன. வீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் பார்ப்பது?

எல்லா மையமும் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கூரை ஒழுகும் கட்டடமும் உண்டு. டீச்சரை வேறு வேலைகளுக்கு இழுத்துவிடுவதும் உண்டு. அப்படியானால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

சத்துமாவு கொடுக்கும் அன்றைக்கு மட்டும் போய்த் தலைகாட்டாமல், தினமும் அனுப்புங்கள். முதல் வாரம் அழத்தான் செய்வான், அதற்காகத் திரும்பக் கூட்டி வந்துவிடாதீர்கள். பேச்சு வரவில்லை, நடை சரியில்லை என்று வீட்டிலேயே மறைத்து வைத்திருக்கும் அம்மாக்களுக்கு: உங்கள் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது. இயலாமையைக் காட்டி யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் எங்களிடம் வாருங்கள், கடிதம் தருகிறோம். ஆறு வயதில் கூட்டி வந்து "இப்பத்தான் கவனிச்சோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து.