குழாயில் நிற்பது நிலத்தடி நீர் அல்ல

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போன்ற வயல் மருந்துகள் நிலத்தடி நீரில் கலந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்காணிப்புக் கிணறு அமைப்பார்கள். கண்காணிப்புக் கிணறு என்றதும் உறை இறக்கிய பெரிய கிணற்றை நினைக்க வேண்டாம். கையகல பிளாஸ்டிக் குழாய் ஒன்று, அதன் அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய கீறல்கள், அவ்வளவுதான். கீறல் இருக்கும் ஆழத்து நீர் மட்டுமே உள்ளே வரும். குழாயைச் சுற்றி மேலே களிமண் அடைப்பு போடுவார்கள். இல்லாவிட்டால் வயலில் தெளித்த மருந்து மழையோடு சேர்ந்து குழாயை ஒட்டியே கீழே இறங்கிவிடும்.

சரி, மூடியைத் திறந்து நீரை மொண்டுகொள்ளலாமா? கூடாது. அது குழாய்க்குள் பல நாளாகத் தேங்கிக் காற்றுப்பட்ட நீர். அதனால் பம்பை மெதுவாக ஓடவிட்டு, வெளிவரும் நீரின் வெப்பநிலை, அமில காரநிலை, மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எண்கள் ஏறி இறங்குவது நின்றால், மண்ணடுக்கிலிருந்து புதுநீர் வருகிறது என்று பொருள். அப்போதுதான் பழுப்புக் கண்ணாடிப் புட்டியை நிரப்பிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பார்கள். கூடவே, சுத்தமான நீர் உள்ள ஒரு புட்டியையும் அங்கேயே திறந்து மூடி அனுப்புவது வழக்கம். அதிலும் மருந்து தென்பட்டால், குற்றம் நிலத்தடி நீர்மேல் இல்லை. கையிலோ காற்றிலோ புட்டியிலோ இருக்கிறது.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் தேடப்படும் அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலத்தடி நீரில் இப்படிப்பட்ட ஒரு மருந்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் கால் கிராம் கரைந்தாலே அந்த அளவு வந்துவிடும். மருந்து பட்ட கையுறையோடு புட்டியைத் தொட்டால் போதும், கதை கெட்டது. ஆய்வகத்தில் நீரை ஒரு வடிகட்டிக் குப்பி வழியாகச் செலுத்தி மருந்தை மட்டும் பிடித்துவைத்து, அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காண்கிறார்கள்.

எல்லா மருந்தும் கீழே இறங்குவதில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மண்துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். அட்ரசின் என்ற இன்னொரு களைக்கொல்லி அப்படியில்லை. மண்ணில் லேசாகத்தான் ஒட்டும், சீக்கிரம் சிதையவும் சிதையாது. ஜெர்மனி அதை 1991-லேயே தடை செய்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அங்கே நிலத்தடி நீரில் அது அகப்பட்டது. இன்று புட்டியில் பிடிப்பது பெரும்பாலும் என்றோ தெளித்ததைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலை இதில்தான் இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அட்ரசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, டீஎத்தில் அட்ரசின் என்ற சிதைபொருளாக மாற்றுகின்றன. ஆகவே ஆய்வகம் தாயையும் சேயையும் சேர்த்தே அளக்கிறது. சேய் மிகுந்திருந்தால், மருந்து மண்ணில் நிதானமாக ஊறி இறங்கியிருக்கிறது. தாய் மட்டுமே நிறைய இருந்தால், நுண்ணுயிர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. பாறை வெடிப்பு வழியாகவோ, தெளிப்பானைக் கழுவிக் கொட்டிய இடத்திலிருந்தோ நேரே இறங்கியிருக்கலாம். ஆய்வாளர்கள் அடுத்து அந்தக் கிணற்றடியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவார்கள்.