வயிறு தள்ளிய கற்சுவருக்குச் சிமெண்ட் மருந்தல்ல

ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையில் ஹோனௌனௌ என்றோர் அடைக்கலத் தலம். அதன் மதில் 950 அடிக்கு மேல் நீளம், 12 அடி வரை உயரம், 18 அடி வரை அகலம். அத்தனையும் எரிமலைக்கல், கல்லைப் பிணைக்கும் சாந்து துளிகூடக் கிடையாது. 'உஹாவு ஹுமு போஹாக்கு' என்பது இப்படிச் சுவர் கட்டும் தொழிலின் ஹவாய் மொழிப் பெயர். கல்லை அடுக்கிப் பிணைப்பது என்று பொருள்.

அடி வரிசைக் கல்லுக்கு 'நிஹோ' என்று பெயர். நிஹோ என்றால் பல். ஈறுக்குள் பல் இறங்கியிருப்பதுபோல மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டிய கல் இது. மேலே வரும் முகக்கற்களின் நீளவாட்டம் சுவருக்குள் போக வேண்டும். வெளியே தெரிவது அதன் குறுகிய முனை மட்டுமே. ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கற்கள்மேல் உட்கார வேண்டும். உயர உயர முகம் உள்பக்கம் சாய்ந்துகொண்டே போகும். நடுவில் நிரப்பும் சிறு கற்களையும் கையால் இறுக்கித்தான் வைக்க வேண்டும். கூடையில் அள்ளிக் கொட்டினால் நாளடைவில் அவை கீழிறங்கி முகத்தை வெளியே தள்ளும். கல்லை மிச்சம் பிடிக்க நீளப் பக்கத்தை வெளியே காட்டி வைத்த இடங்கள்தான் முதலில் வயிறு தள்ளும்.

அந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் பெரிய கேடு. மழைநீர் கல்லிடுக்குகள் வழியே தானாக வடிந்துவிடும். இடுக்கை அடைத்தால் மண்ணும் நீரும் உள்ளே தேங்கிச் சுவரை நெட்டும். கற்கள் தனித்தனியே கொஞ்சம் அசைந்து கொடுக்கிற வசதியும் போய்விடும். நிலநடுக்கத்தில் பூசிய பகுதி பாளமாகப் பெயரும்.

சாந்தில்லாச் சுவர் நிலநடுக்கத்தில் சேதமாகவே செய்யாது என்று சொல்ல வரவில்லை. அதே தீவில் 1790-91இல் ஹவாய் மன்னர் கமேஹமேஹா கட்டிய புகோஹோலா கோவிலின் சுவர்களை 2006 அக்டோபர் 15 அன்று வந்த 6.7 அளவு நிலநடுக்கம் பெயர்த்தது. ஆனால் அதே கற்களை எடுத்து, அதே முறையில் திரும்ப அடுக்க முடியும். சிமெண்ட் ஒட்டிய கல்லை அப்படி எடுக்க முடியாது.

பழுது பார்க்கிறவர்கள் பிரிக்கும் முன்பே படம் எடுத்து, முகக்கற்களுக்கு எண் இட வேண்டும். மேலிருந்து பிரித்து, வயிற்றுக்கும் கீழே அசையாத கல் தட்டுப்படும்வரை இறங்க வேண்டும். முகக்கல் ஒரு குவியல், நிரப்புக்கல் ஒரு குவியல். இரண்டும் கலந்தால் வேலை இரட்டிப்பு.

பார்க்க வருகிறவர்கள் சுவர்மேல் ஏறக் கூடாது. படத்துக்காகக் கல்லின்மேல் கல் அடுக்கிக் கோபுரம் கட்ட, கைக்கு அகப்படும் சிறு கல்லைச் சுவரிலிருந்து உருவுகிறார்கள். பெரிய கல்லை அசையாமல் பிடித்திருந்தது அந்தச் சிறு கல்தான்.